நீங்கற்பொருளும் பிறப்பிடமும்

ஒரு மொழியைத் தாய்மடியிற் கற்றவர் பிறிதொரு மொழியைப் பள்ளியிற் கற்கப் புகுங்கால் பெருஞ்சொற்கள் அவரை அத்துணை வருத்துவதில்லை. அவற்றின் பொருளை அகராதி கூறிவிடும். வருத்துவன சிறுசொற்களே. ஆங்கிலத்தில் ‘ஃபிரம்’, ‘ஆவ்’, ‘அவுட் ஆவ்’ என வழங்கும் முன்னிடைச் சொற்கள் அத்தகையன. பெயருக்கு முன் நின்று, ஒரு பொருள் எதனினின்று வந்தது, எதனினின்று பிறந்தது, எதனால் ஆயது என்பனவற்றை உணர்த்துவன இவை. தமிழில் இவ்வேலையைச் செய்வன பெயருக்குப் பின் வரும் வேற்றுமை உருபுகள். முன்னும் பின்னுமாக நிற்கும் இடவேறுபாடு ஒன்றே இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு என நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்பதை இரண்டு நிகழ்ச்சிகள் எனக்குக் கற்பித்தன. முதலாவது நகைப்பிற்கு உரியது, இரண்டாவது அன்று.

கல்லூரியிற் சேர்ந்த முதல் வாரம். ஆங்கில வகுப்பில் ஆசிரியர் புதிய மாணவர் ஒவ்வொருவரையும் எழுப்பி, ‘வேர் டூ யூ கம் ஃபிரம்?’ என வினவி வந்தார். என் முறை வந்தது. ‘எங்கிருந்து வருகிறாய்?’ என மனத்துள் மொழிபெயர்த்துக்கொண்டு, ‘விடுதியிலிருந்து’ என ஆங்கிலத்தில் விடை பகர்ந்தேன். வகுப்பு முழுதும் நகைத்தது. ஆசிரியரும் முறுவலித்து, “தம்பி, உமக்கு எந்த ஊர்?” எனத் தமிழிற் கேட்டார். “சேவுகம்பட்டி, ஐயா” என்றேன். வினா ஒன்றே, விடைதான் இரண்டாயிற்று.

அன்றிரவு அதனை எண்ணிப் பார்த்தேன். பிறந்த ஊரைக் கேட்கும் ஆங்கிலேயன் ‘ஃபிரம்’ என்கிறான். தமிழனோ ‘உமக்கு எந்த ஊர்?’ என நான்காம் வேற்றுமையாற் கேட்கிறான். ‘எனக்குச் சேவுகம்பட்டி’ என அதே வேற்றுமையால் விடையும் பெறுகிறான். ‘எங்கிருந்து வருகிறீர்?’ என்று கேட்டால் அது பயணத்தைப் பற்றிய வினாவாகுமேயன்றிப் பிறப்பைப் பற்றியதாகாது. ஆங்கிலத்திற் பயணத்தைக் கேட்க வேண்டின் வினைச்சொல்லின் காலத்தை மாற்றி, ‘ஹேவ் யூ கம்’ என்பர். நிகழ்காலத்தால் ‘டூ யூ கம்’ எனக் கேட்பது என்றும் மாறாத பிறப்பிடத்தைக் குறிக்கும். முன்னிடைச் சொல் ஒன்றாகவே நிற்க, காலம் பொருளை வேறுபடுத்துகிறது. இதனை அறியாமையாற் பிறப்பிடத்திற்கு ஈடாக விடுதியைக் கூறினேன்.

இனி நம் இலக்கணத்தைப் பார்ப்போம். தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமைக்கு ‘இன்’ என்பதனை உருபாகக் கூறினார். நன்னூலார் ‘இல்’, ‘இன்’ என இரண்டனைக் கூறி, நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களை வகுத்தார். ‘கிளையின் உதிர்ந்த இலை’ என்பது நீங்கல். ‘நிலவின் தண்ணியள்’ என்பது ஒப்பு. ‘மதுரையின் வடக்குத் திண்டுக்கல்’ என்பது எல்லை. ‘உழைப்பின் உயர்ந்தான்’ என்பது ஏது. இந்நான்கனையும் ஆங்கிலத்திற் பெயர்த்தால் முதலாவதற்கு ‘ஃபிரம்’ வரும். இரண்டாவதற்கு ‘தேன்’ என்னும் சொல் வரும். மூன்றாவதற்கு ‘ஆவ்’ வரும். நான்காவதற்குப் பெரும்பாலும் ‘பை’ அல்லது ‘த்ரூ’ வரும். ஓர் உருபிற்கு நான்கு சொற்கள். ஆகவே ‘ஐந்தாம் வேற்றுமை என்றால் ஃபிரம்’ என இளமையில் மனப்பாடம் செய்த வாய்பாடு நான்கில் ஒரு பங்கே உண்மையாம்.

இதில் ஒரு நுட்பமும் உளது. நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்குக் கூறிய இருபத்தெட்டு உருபுகளுள்ளும் ‘இல்’ இடம்பெறுகிறது. அஃதாவது, ஒரு பொருள் தங்கும் இடத்தைக் காட்டும் உருபும், அது நீங்கும் இடத்தைக் காட்டும் உருபும் ஒன்றாயிருத்தல் உண்டு. பின்வரும் வினையே இன்னது எனத் தெளிவிக்கும். ‘ஊரில் வாழ்ந்தான்’ என்றால் தங்கல். ‘ஊரில் நீங்கினான்’ என்றால் பிரிதல். 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர், தமிழ் வேற்றுமைகளை எட்டென எண்ணும் முறை வடமொழி இலக்கணத்தைத் தழுவியது எனக் கருதினார். அவர் கருத்தை ஏற்பினும் ஏலாவிடினும், ஐந்தும் ஏழும் ஒன்றையொன்று அணுகி நிற்றலை நாம் நாடோறும் பேசும் பேச்சே காட்டும்.

நாம் இன்று பேசுமிடத்துத் தனி ‘இன்’ உருபால் நீங்கலை உணர்த்துவதில்லை. ‘இலிருந்து’ என்கிறோம், எழுத்தில் ‘இனின்று’ எனவும் எழுதுகிறோம். இவற்றுள் ‘இருந்து’, ‘நின்று’ என்பன சொல்லுருபுகள். இவை முன்னர் வினையெச்சங்களாய் இருந்தவை. ‘மதுரையில் இருந்து வந்தான்’ என்பதனை இடையே நிறுத்திப் படித்தால், மதுரையிற் சிலநாள் தங்கிப் பின் வந்தான் எனப் பொருள்படும். சேர்த்துப் படித்தால் மதுரையினின்று புறப்பட்டு வந்தான் எனப் பொருள்படும். ஓரிடத்தை விட்டு நீங்கியவன் நீங்குமுன் அங்கே இருந்தவனேயன்றோ? ஆகவே தமிழன் பிரிதலைச் சொல்லும்போதும் இருத்தலிலிருந்தே தொடங்குகிறான்.

ஆங்கிலச் சொற்களின் வரலாறு இதற்கு மாறானது. ‘ஆவ்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘விட்டு நீங்கி’ என்னும் பொருளே உடையதாயிருந்தது. ‘கழன்று’, ‘அகன்று’ எனப் பொருள்படும் ‘ஆஃப்’ என்னும் சொல்லும் அதுவும் ஒரு சொல்லின் இரு வடிவங்களே. பின்னாளில், பிரெஞ்சு மொழியின் தாக்கமும் சேர, ‘ஆவ்’ என்பது நம் ஆறாம் வேற்றுமைபோல உடைமைப்பொருளுக்கு வந்தது. ஆயினும் பழம்பொருள் முற்றும் அழியவில்லை. பசியால் இறந்தான் என்னுமிடத்தும், மரத்தாற் செய்த மேசை என்னுமிடத்தும் ஆங்கிலேயர் ‘ஆவ்’ என்றே கூறுவர். இவ்விரண்டிடத்தும் நாம் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ உருபைக் கொள்கிறோம். மண்ணாற் குடம் வனைந்தான் என்புழி மண்ணை முதற்கருவி என்பர் நம் இலக்கணத்தார். மண் குடத்தை விட்டு நீங்கவில்லை, குடமாகவே நிற்கிறது. ஆதலின் அங்கே நீங்கலுக்கு இடமில்லை.

ஆங்கிலத்தில் இதிலும் ஒரு வேறுபாடு உளது. செய்த பொருளில் மூலப்பொருள் தன்னுருவோடு தோன்றினால் ‘ஆவ்’ என்பர். உருமாறிப் போயிருந்தால் ‘ஃபிரம்’ என்பர். இரும்புப் பூட்டில் இரும்பு கண்ணுக்குத் தெரியும், அது ‘ஆவ்’. வெல்லத்திற் கரும்பு தெரிவதில்லை, அது ‘ஃபிரம்’. தமிழிலும் ‘கரும்பிலிருந்து வெல்லம் எடுக்கிறார்கள்’ எனக் கூறுதல் இயல்பே. ‘இரும்பிலிருந்து பூட்டு’ எனக் கூறுதலே இயல்பன்று.

இவ்வளவும் வினையோடு சேரும் தொடர்களைப் பற்றியன. பெரும்பிழைகள் நிகழ்வது பிறிதோரிடத்தில். ஆங்கிலத்தில் ‘ஃபிரம்’ சேர்ந்த தொடர், வினையின் துணையின்றியே ஒரு பெயருக்குப் பின் நின்று அதனைச் சிறப்பிக்கும். ஊரைச் சுட்டி ‘எ மேன் ஃபிரம்’ எனத் தொடங்கினால் அங்கே வினை எதுவும் இல்லை. தமிழில் ‘சேவுகம்பட்டியிலிருந்து ஒரு மனிதர்’ எனக் கூறி நிறுத்தினால், கேட்போர் ‘வந்தாரா? பேசினாரா?’ என வினையை எதிர்நோக்கி நிற்பர். ஐந்தாம் வேற்றுமை வினையைத் தழுவுவது. பெயரைத் தழுவ வேண்டின் இடையே ஒரு பெயரெச்சம் வேண்டும். ‘சேவுகம்பட்டியிலிருந்து வந்த மனிதர்’ என்றாதல், ‘சேவுகம்பட்டியைச் சேர்ந்த மனிதர்’ என்றாதல், ‘சேவுகம்பட்டிக்காரர்’ என்றாதல் கூறுதல் வேண்டும்.

செய்தித்தாள்களிலும், நம் மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் ‘தந்தையிடமிருந்து கடிதம்’, ‘நூலிலிருந்து ஒரு பகுதி’, ‘விளக்கிலிருந்து ஒளி’ என்பன போன்ற தொடர்கள் மலிந்துள்ளன. ‘தந்தை எழுதிய கடிதம்’, ‘நூலில் உள்ள ஒரு பகுதி’, ‘விளக்கின் ஒளி’ எனத் தமிழ் கூறும். மூன்றினும் மூன்று வகை: முதலாவதில் எழுவாயும் பெயரெச்சமும், இரண்டாவதில் ஏழாம் வேற்றுமை, மூன்றாவதில் ஆறாம் வேற்றுமை. அவ்வாறே ‘ஆசிரியரிடம் கற்றேன்’, ‘கடைக்காரரிடம் வாங்கினேன்’ என்பவற்றில் ‘இருந்து’ வேண்டுவதேயில்லை. ஆங்கிலத்திற்கோ இவ்விரண்டிடத்தும் ‘ஃபிரம்’ இன்றியமையாதது.

அச்சம் பற்றிய வினைகளிலும் இவ்வாறே. அஞ்சப்படும் பொருளுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் வரும் எனத் தொல்காப்பியர் இசைந்தார்; நாம் இன்று ‘பாம்புக்கு அஞ்சினான்’ என நான்காவதனையும் வழங்குகிறோம். ஆங்கிலேயர்க்கு அதுவும் ‘ஆவ்’.

நம் மொழிக்கு உரிய பேரழகு ஒன்று ஈண்டுக் கூறற்பாலது. பிறப்பிடத்தைக் காட்ட நாம் உருபே இன்றி, ஊர்ப்பெயரை முன்வைத்து அமைகிறோம். திண்டுக்கற் பூட்டு, சிறுமலை வாழை, பழனிப் பஞ்சாமிர்தம், மதுரை மல்லிகை என்பன காண்க. பொருள்களின் பிறப்பிடத்தைக் காக்கவென இந்திய அரசு 1999-ஆம் ஆண்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஒன்று இயற்றிற்று. அதன்படி திண்டுக்கற் பூட்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ஆம் ஆண்டில் குறியீடு வழங்கப்பெற்றது. சட்டம் பல பக்கங்களிற் காக்கும் உரிமையைத் தமிழ் இரண்டு சொற்களை அடுத்து நிறுத்திக் காட்டிவிடுகிறது. இலக்கணத்தார் இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பர். விரித்தால் ‘திண்டுக்கல்லில் செய்த பூட்டு’, ‘சிறுமலையில் விளைந்த வாழை’ என ஏழாம் வேற்றுமையாய் விரியும். ஐந்தாவதாய் விரிதல் அரிது.

ஆகவே இரு மொழிகளின் நோக்கும் வேறு என்பது புலனாம். ஆங்கிலேயன் பிறப்பிடத்தை அங்கிருந்து புறப்பட்டு வந்த இடமாகக் காண்கிறான். தமிழன் அதனைப் பிறந்து விளைந்த இடமாகக் காண்கிறான். எங்களூர்ச் சோலைமலை அழகர் கோயிலில் தைத் திங்களில் வாழைப்பழம் சூறைவிடும் விழா நிகழும். பழங்கள் கூடையிலிருந்து வீசப்படுகின்றன. அவை நீங்கின, ஆதலின் ‘இருந்து’ பொருந்தும். ஆனால் அப்பழங்கள் தோட்டத்தில் விளைந்தவை. ‘தோட்டத்திலிருந்து விளைந்தவை’ என எவரும் கூறார். ஆற்றையும் மலையிற் பிறந்தது என்கிறோம். திண்டுக்கல் மாவட்டம் 1985-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தது என்கிறோம். அது பிரிவு, ஆதலின் ஐந்தாம் வேற்றுமை தன் முழு உரிமையோடு வருகிறது.

இனி இரண்டாம் நிகழ்ச்சியைக் கூறுவேன். சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். அண்டை வீட்டில் ஓர் அம்மையார் உளர்; உறவினர் அல்லரெனினும் சிறுவயது முதல் ‘அத்தை’ என்றே அழைத்து வருகிறேன். அவர் கணவர் இறந்து சில திங்கள் ஆகியிருந்தன. அவர் ஓர் ஆங்கிலக் கடிதத்தைக் கொணர்ந்து, “தம்பி, நீ கல்லூரியிற் படிக்கிற பிள்ளை, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்” என்றார். ஓர் அலுவலகத்தினின்று வந்த கடிதம் அது. அதன் நடுவே ‘டியூ ஃபிரம்’ என்னும் தொடரும், அதனை அடுத்து அவர் கணவரது கணக்கும், ஒரு தொகையும் இருந்தன. நான் சிறிதும் தயங்காது, “மாமா கணக்கிலிருந்து வரவேண்டிய தொகை, அத்தை” என்றேன்.

சொல்லுக்குச் சொல் நோக்கினால் அம்மொழிபெயர்ப்பிற் பிழையில்லை. ‘டியூ’ என்பது வரவேண்டியது. ‘ஃபிரம்’ என்பது இருந்து. ஆனால் யாருக்கு வரவேண்டியது? கடிதம் எழுதிய அலுவலகத்துக்கு. தமிழில் ‘வர’ என்னும் வினை, கேட்போரும் பேசுவோரும் இருக்கும் பக்கம் நோக்கி நிற்பது. ‘கணக்கிலிருந்து வரவேண்டிய தொகை’ என்று வீட்டுத் திண்ணையில் இருந்து கூறினால், அது அத்திண்ணைக்கு வரவேண்டியதாகவே பொருள்படும். அத்தையும் அவ்வாறே கொண்டார். உண்மையைச் சொன்னால், நானும் அவ்வாறே கொண்டேன். நான் கூறவேண்டியிருந்தது, ‘மாமா கட்டவேண்டிய கடன் பாக்கி’ என்பது. ‘டியூ டு’ என்றிருப்பின் அது நமக்கு வரவேண்டியதாம். ‘டியூ ஃபிரம்’ என்றால் அது நாம் கொடுக்கவேண்டியதாம். இரண்டு சிறுசொற்கள், இடையே ஒரு குடும்பத்தின் நிலை தலைகீழாகிறது.

மழைக்காலத்தில் ஒழுகும் கூரையை மாற்ற வேண்டுமென்பது அத்தையின் நெடுநாள் விருப்பம். தொகை வரப்போகிறதென்ற நம்பிக்கையால், ஓடுகளைக் கடனாக வாங்கி முற்றத்தில் அடுக்கிவிட்டார். மூன்று வாரங் கழித்து இரண்டாம் கடிதம் வந்தது. அதில் வட்டியும் சேர்ந்திருந்தது. கட்டத் தவறினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும் என்னும் எச்சரிக்கையும் இருந்தது. அதனை வாசிக்கும்போதே முதற்கடிதத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று. ஓடுகளைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் வண்டிக்கூலியையும் உடைந்தவற்றின் விலையையும் கழித்துக்கொண்டார்.

அத்தை என்னைக் கடியவில்லை. “நீ என்ன செய்வாய், தம்பி, தாளில் இருந்ததைத்தானே சொன்னாய்” என்றார். அச்சொல்லே என்னை மிக வருத்திற்று. தாளில் இருந்தது வேறு. நான் சொன்னது வேறு. வகுப்பில் விடுதியைப் பிறப்பிடமாகக் கூறியபோது நகைப்புக்கு ஆளானவன் நான் ஒருவனே. இங்கே என் பிழைக்கு விலை கொடுத்தவர் பிறர். அதுவும் என் கல்வியை நம்பி வந்தவர். அன்றிரவே உட்கார்ந்து, தொகையைத் தவணைகளிற் செலுத்த இசைவு வேண்டி ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ‘யாரிடமிருந்து, யாருக்கு’ என்பதனை ஒவ்வொரு தொடரிலும் இரண்டு முறை சரிபார்த்தேன். அத்தை இப்பொழுது பூக்கொல்லை வருவாயிலிருந்து திங்கள்தோறும் சிறிது சிறிதாய்ச் செலுத்தி வருகிறார். கூரை இன்னும் ஒழுகுகிறது.

அது முதல் ஆங்கிலத்தில் இத்தகைய தொடரைக் காணுந்தோறும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்கிறேன். தொடர் சேர்வது வினையையா, பெயரையா? வினையாயின் ‘இருந்து’ பொருந்தக்கூடும்; பெயராயின் பெயரெச்சமோ, தொகையோ, ஆறாவதோ, ஏழாவதோ தேடவேண்டும். குறிப்பது பிரிவையா, பிறப்பையா, மூலப்பொருளையா, காரணத்தையா? பிரிவாயின் ஐந்தாவது, பிறப்பாயின் பெரும்பாலும் ஏழாவது, ஏனையவாயின் மூன்றாவது. மூன்றாவதும் முதன்மையானதுமாகிய வினா: ஒன்று ஓரிடத்தினின்று நீங்குகிறதெனின் அது எங்கே சென்று சேர்கிறது? அவ்விடம் கூறப்படாதிருப்பின் அதனைக் கண்டறியாமல் மொழிபெயர்த்தல் ஆகாது.

நம் முன்னோர் இவ்வினாக்களை அறிந்திருந்தனர் என்பதற்கு ஒரு சான்று காட்டி முடிக்கிறேன். யோவான் எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் பிலிப்பு நாத்தான்வேலிடம் இயேசுவைப் பற்றிக் கூறுமிடத்து, கிரேக்க மூலத்தில் ‘நாசரேத்தினின்று’ என்னும் பொருள்படும் ‘அப்பொ’ என்னும் முன்னிடைச் சொல் உளது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அதனை ‘ஆவ்’ என்றனர். நம் சபைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் தமிழ் மொழிபெயர்ப்போ ‘இருந்து’ என்பதனை நாடாது, ‘நாசரேத்தூரான்’ என ஒரு சொல்லால் முடித்தது. அடுத்த வசனத்தில் நாத்தான்வேல், அவ்வூரினின்று நன்மை எதுவும் வரக்கூடுமோ என வினவுகிறான். அங்கே கிரேக்கத்தில் ‘எக்’ எனப் பிறிதொரு சொல்லும், ஆங்கிலத்தில் ‘அவுட் ஆவ்’ என்பதும், தமிழில் ‘இலிருந்து’ என்பதும் வந்துள்ளன. ஓரூரையே பற்றிய இரண்டு தொடர்கள். முன்னது இன்னார் எனக் காட்டும் பிறப்பிடம். பின்னது ஒன்று வெளிப்பட்டு வருதல். மொழிபெயர்த்தோர் மயங்கவில்லை.

நாத்தான்வேலின் வினாவைப் படிக்குந்தோறும் எனக்கு எங்கள் ஊர் நினைவு வரும். ‘சேவுகம்பட்டியிலிருந்து வந்தவன்’ என என்னை ஒருவர் கூறினால், நான் அதனை விட்டு நீங்கியவன் என்பது பொருள். ‘சேவுகம்பட்டிக்காரன்’ எனக் கூறினால், எங்கே இருப்பினும் அவ்வூருக்கு உரியவன் என்பது பொருள். கல்வி நம்மை முன்னையவராகவே ஆக்கிவிடுதல் கூடாது. வரும் விடுமுறையிலும் யாரேனும் ஒருவர் ஒரு தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வருவார். அவருக்கு அதனைச் செம்மையாய்ப் படித்துச் சொல்லும் அளவுக்கேனும் இச்சிறு சொற்களை நாம் கற்றுக்கொள்ளல் வேண்டும்.